ஊதும் நாளும் கேட்கும் நாளும்

என் மச்சான் இன்னாசி கிளாரினெட் ஊதினால் அந்தச் சத்தம் சரியாக மூன்று நாள் கழித்துத்தான் கேட்கும் என்பது நிலக்கோட்டையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவரைக் கேட்டாலும் பல் குத்திக்கொண்டே சொல்லிவிடுவார், அதனால் அதை நிரூபிக்க நான் இங்கே உட்காரவில்லை. நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் ஒரு முகூர்த்த நாளில் கனகவல்லி மஹாலுக்கு வந்து ஒரு பந்தி சாப்பிட்டுவிட்டு அப்புறம் நம்பட்டும். நான் சொல்ல வந்தது நான் பட்ட பாட்டை. அந்த மனுஷன் பக்கத்தில் நின்று இருபத்திரண்டு வருஷமாக டிரம் அடிக்கிறவன் நான், என்னை இதுவரை ஒருத்தரும் விசாரித்ததில்லை.

எங்களுடையது சந்தியாகப்பர் பேண்டு செட். மொத்தம் ஏழு பேர், சிவப்புக் கோட்டும் தோளில் மஞ்சள் குஞ்சமும் தலையில் தொப்பியுமாகப் பார்க்க அரண்மனைச் சிப்பாய்கள்போல இருப்போம், உள்ளே ஒவ்வொருத்தனும் இட்லிப் பானைக்குள் இருக்கிற மாதிரி வெந்துகொண்டிருப்போம். நான் அருளப்பன். செட்டுக்கு நான்தான் சொந்தக்காரன், போர்டில் என் அப்பா பெயருக்குக் கீழே என் பெயர்தான் எழுதியிருக்கிறது, ஆனாலும் ஊரில் இன்னாசி செட் என்றுதான் சொல்வார்கள். அவர் என் அக்கா பிரகாசியைக் கட்டியவர். ஒல்லியான ஆள், சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை, காலையில் எழுந்து வெந்நீர் குடிப்பார், கிளாரினெட் வாயில் செருகுகிற ரீடைத் துடைப்பார், சைக்கிள் டயரை அமுக்கிப் பார்ப்பார், அவ்வளவுதான். இந்த உடம்புக்குள் இத்தனை பிடிவாதம் எங்கே ஒளிந்துகிடக்கிறது என்று முதல் தடவை பார்க்கிறவரால் கண்டுபிடிக்கவே முடியாது.

கல்யாண மேடையில் ஜோடி நிற்கும், சொந்தக்காரர்கள் பரிசோடு வரிசையில் நிற்பார்கள், அந்த வரிசையிலிருந்து எங்களுக்குத் துண்டுச்சீட்டு வரும், இன்ன பாட்டை வாசிக்கவும், இப்படிக்கு மாப்பிள்ளையின் தாய்மாமன் என்று கையெழுத்தோடு வரும். தாய்மாமன் கேட்டதை வாசித்துவிட்டுச் சித்தப்பா கேட்டதை விட்டுவிட்டால் சித்தப்பா சாப்பிடாமல் கிளம்பிவிடுவார், அப்படிப்பட்ட விவகாரம் அது. மற்ற செட்டுக்காரர்கள் சீட்டு வந்த வரிசைப்படி வாசித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். என் மச்சான் சீட்டை இரண்டு கையாலும் வாங்குவார், மரியாதையாகப் படிப்பார், நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைப்பார், பிறகு பெண்ணின் முகத்தை ஒரு தடவை, பிள்ளையின் முகத்தை ஒரு தடவை, கடைசி வரிசையில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவரின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, எந்தச் சீட்டிலும் இல்லாத, எந்தப் படத்திலும் வராத, அவருக்கே அப்போதுதான் வந்த ஒன்றை வாசிப்பார். அக்கா கோட்டைத் துவைக்கும்போது பைக்குள்ளிருந்து ஊறிப்போன சீட்டுகள் கைப்பிடி கைப்பிடியாக வரும், அதைக் காயவைத்து அடுப்புப் பற்றவைப்பாள். எத்தனை தாய்மாமன்கள் எங்கள் அக்கா வீட்டில் வெந்நீராகப் போனார்கள் என்று சொல்ல முடியாது.

நான் திட்டுவேன். கேட்டதைக் கொடுத்துவிட்டு அப்புறம் உங்கள் இஷ்டத்துக்கு ஊதுங்கள் என்பேன், ஆமாம் மாப்ளே நியாயம்தான் என்பார், அடுத்த மேடையிலும் அதையேதான் செய்வார். ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அவர் அப்படி வாசிக்கும்போது எனக்கு மேலெல்லாம் புல்லரிக்கும், கண் கலங்கும், அதை மறைக்க நான் தொப்பியை இறக்கிவிட்டுக்கொள்வேன். அந்தத் தைரியத்தில் ஒரு துளி எனக்கு இருந்திருந்தால் நான் வேறு ஆளாக இருந்திருப்பேன்.

இப்படியிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து பதினோரு மணிக்கு மஹாலில் ஒரு வாத்தியார் மகளுக்கு வரவேற்பு, என் மச்சான் கிளாரினெட்டை வாயில் வைத்து ஊதினார், சத்தம் வரவில்லை. ரீடை மாற்றினார், வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு வருகிற மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு முக்கால் மணி நேரம் ஊதினார், விரலெல்லாம் ஓடுகிறது, கன்னம் உப்புகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, காற்றுக்கூடக் கேட்கவில்லை, மற்ற ஐந்து பேரும் கையை இறக்கிவிட்டார்கள், நான் ஒருத்தன் மட்டும் வீடு இடிக்கிறவன்போல டம் டம் என்று அடித்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் அப்பா நல்ல மனுஷன், கிளாரினெட்டுக்கு இன்றைக்கு உடம்பு சரியில்லையா என்று மட்டும் கேட்டார்.

புதன்கிழமை அதே மஹாலில் இலவசக் கண் முகாம். அறுபது எழுபது பேரை வரிசையாக நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணில் மருந்து விட்டு, யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது பதினோரு மணிக்கு ஆளில்லாத மேடையிலிருந்து கிளாரினெட் கிளம்பியிருக்கிறது. முகாம்காரர்கள் ஏற்பாடு செய்தது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். வாட்ச்மேன் சைக்கிளில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார், போய் வாசலில் நின்று கேட்டேன், வாத்தியார் மகளின் முகம் அப்படியே அந்த வாசிப்பில் இருந்தது, மூடிய கண்களிலிருந்து மருந்தா கண்ணீரா என்று தெரியாமல் எல்லாருக்கும் வழிந்துகொண்டிருந்தது. எனக்கு முதலில் ஆச்சரியம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இதை ஞாயிற்றுக்கிழமையே கொடுத்திருந்தால் என்ன?

ஏன் அப்படி ஆயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள், ஊரே கேட்டுப் பார்த்து அலுத்து விட்டுவிட்டது. மதுரையில் ஒரு தொண்டை டாக்டர் அவரை ஊதச் சொல்லிப் பார்த்து, நுரையீரல் பிரமாதம் என்று எழுதிக்கொடுத்தார், மூன்று நாள் கழித்து அவருடைய ஆஸ்பத்திரியில் ஊசிக்கு அழுத குழந்தையெல்லாம் வாயை மூடிக்கொண்டதாகக் கேள்வி. பங்குச் சாமியாரிடம் சில பேர் போய், மூன்றாம் நாள் உயிர்த்தெழுகிறதே, இது ஆண்டவர் செய்த புதுமையல்லவா என்றார்கள். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, வேதத்துக் கணக்குப்படி ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்தால் புதன் நாலாம் நாள், ஆகவே திருச்சபைக்கு இதில் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்.

இதைச் சட்டென்று புரிந்துகொண்டவர் மஹால் முதலாளி வீரபத்திரன் ஒருத்தர்தான். அவர் பூ கமிஷன் மண்டிக்காரர், ஒரு பிடி மல்லிகையைக் கையில் எடுத்தால் எத்தனை மணிக்குப் பறித்தது என்று சொல்லுவார். விடிகாலையில் மொட்டாகப் பறிக்கிறோம், சாயங்காலம் எவள் தலையிலோ விரிகிறது, இதிலே என்ன அதிசயம், முன்கூட்டி ஊதச் சொன்னால் முடிந்துபோயிற்று என்றார். அன்றிலிருந்து மஹால் டயரியில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இரண்டு தேதி, ஊதும் நாள் ஒன்று, கேட்கும் நாள் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேடை என்றால் வியாழக்கிழமை பத்து மணிக்கு என் மச்சான் தனியாக வந்து ஊதிவிட்டுப் போகவேண்டும், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆறு பேர் மட்டும் வந்து நிற்கவேண்டும்.

ஊர் அதை இரண்டு மாதத்தில் பழகிக்கொண்டது. வியாழக்கிழமை அங்கே வேறு யாருக்காவது காதுகுத்து இருக்கும், கிடாக்கறி வெந்துகொண்டிருக்கும், மேடை ஓரத்தில் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒருத்தர் சத்தமே இல்லாமல் ஊதிக்கொண்டிருப்பார். வெளியூர்க்காரர்கள் பயந்து கேட்டால், ஒன்றுமில்லை, அவர் ஞாயிற்றுக்கிழமைக்கு ஊதுகிறார், நீங்கள் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, அவருக்கும் ஒரு இலை போட்டுவிடுவார்கள். அவர் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு அதே காதுகுத்தில் முந்தின திங்கட்கிழமை ஊதியது கேட்கும், பார்த்ததற்கும் கேட்பதற்கும் சம்பந்தமில்லையே என்று யாரும் குழம்பமாட்டார்கள். ஊமையாக ஊதுவதைப் பார்த்தே என்ன வரப்போகிறது என்று சொல்கிற நிபுணர்கள் டீக்கடையில் கிளம்பினார்கள், இடது கன்னம் அதிகம் உப்பினால் சோகம், வலது கன்னம் என்றால் குத்துப்பாட்டு, புருவம் ஏறினால் மருமகளுக்கும் மாமியாருக்கும் ஒத்துப்போகாது என்று சொன்னார்கள், பெண்ணைப் பெற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, கன்னத்தைக் கொஞ்சம் மாற்றி உப்பச் சொல்லுங்கள் என்று என்னிடம் கெஞ்சினார்கள்.

என் நிலைமையைச் சொல்கிறேன் கேளுங்கள். டிரம் சத்தம் அடித்த உடனே கேட்டுத் தொலைக்கிறது. கேட்கும் நாளில் மேடைப் பக்கம் நான் குச்சியோடு நிற்பேன், காற்றிலிருந்து கிளாரினெட் வரும், அது எங்கே போகும் எங்கே திரும்பும் என்று எனக்குத் தெரியாது, நான் பின்னாலேயே ஓடுவேன், நான் போய்ச் சேரும்போது அது வேறு தெருவில் இருக்கும். கோபித்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டி ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கிற மாதிரி நாங்கள் ஒன்பது வருஷம் நடந்தோம். என்றைக்காவது இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து கேட்காதா என்று எனக்கு ஏக்கமாகவே போயிற்று, அதைப் போய் யாரிடம் சொல்வது.

சீட்டு மட்டும் நிற்கவில்லை, மூன்று நாள் முன்னாடியே வந்தது, அவர் மூன்று நாள் முன்னாடியே மடித்து வைத்தார். ஒரு லாரி ஷெட்டுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பதினாறு சீட்டு, பதினாறும் வேகமான பாட்டு. இவர் ஊதி வைத்தது என்னவோ மாடு அசைபோடுகிற வேகத்தில் ஒன்று. அன்றைக்குச் சம்பந்தி வீட்டாருக்குக் காபி ஆறிப்போய் வந்தது என்று சண்டை முற்றி, இரண்டு பக்கமும் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்கள், அந்த நேரம் பார்த்து அது வந்தது. தூக்கிய நாற்காலியோடு நின்றார்கள், நிற்க நிற்க கை வலித்தது, ஒவ்வொருத்தராக இறக்கிப்போட்டு அதிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வேகமான பாட்டாக இருந்திருந்தால் இரண்டு கொலை விழுந்திருக்கும் என்று அங்கே பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டே சொன்னார்.

ஒரே ஒரு தடவை என் தொல்லை பொறுக்காமல் சீட்டில் கேட்ட பாட்டை அப்படியே ஊதினார். அது சொன்ன நேரத்துக்கு, சொன்னபடி, ரேடியோப் பெட்டியில் வருகிற மாதிரி வந்தது, பையன்கள் ஆடினார்கள், எல்லாருக்கும் திருப்தி, பந்தியில் ஒருத்தர்கூட இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. என் டிரம்முக்கும் அன்றைக்குக் கஷ்டமில்லை, கஷ்டமில்லாமல் போனதே எனக்கு என்னவோபோல இருந்தது. அதற்கப்புறம் அவர் கிளாரினெட்டைப் பீரோ மேல் வைத்துவிட்டுப் பதினோரு நாள் தொடவில்லை. அக்கா என்னைத் தேடி வந்து நின்றாள்.

"நீ கேட்டேன்னு ஊதுனாரு. இப்ப வீட்டுல ஆளு இருக்காரு, சோறு திங்கிறாரு, ஆனா இல்லடா. இனிமே அவருகிட்ட எதுவும் கேக்காத."

சத்தியமாகக் கேட்கமாட்டேன் என்றேன். கேட்கவேண்டிய நாள் வந்து சேர்ந்தது.

வீரபத்திரனுக்கு ஒரே மகள், தாரணி. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவர் என்னை மண்டிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த வருஷம் குஞ்சு குளுவானெல்லாம் பாடிக்கொண்டிருந்த ஒரு சினிமாப் பாட்டின் பெயரைச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு என் மகளும் மாப்பிள்ளையும் மேடை ஏறும்போது இதுதான் கேட்கவேண்டும், வேறு எது கேட்டாலும் உங்கள் செட்டு இந்த மஹால் படி ஏற வேண்டாம் என்று பூவை முகராமலே விலை சொல்கிற அதே குரலில் சொல்லிவிட்டார். ஊரில் உள்ள சின்ன மண்டபக்காரர்கள் எல்லாம் அவர் முகத்தைப் பார்த்து நடக்கிறவர்கள், ஆகவே அவர் கதவை மூடினால் ஊர் மூடியது மாதிரி. சேதி பரவியதும், இந்தக் கல்யாணம் எப்படிப் போகிறதென்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று எங்களுக்கு வேறு யாரும் தேதி கொடுக்கவில்லை. ஏழு குடும்பம், தெருவில் நிற்கவேண்டியதுதான்.

சத்தியத்தை மறந்து அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே கேட்டார். ஏழு குடும்பம் என்றதும் பம்பை நிறுத்திவிட்டார்.

"மாப்ளே, ஞாயித்துக்கெழம அந்த மேடையில என்ன நடக்கும்னு ஒனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. தெரியாத எடத்துக்குத் தெரிஞ்ச பாட்ட எப்படிடா அனுப்புறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு, சரி, முயற்சி பண்ணுகிறேன் என்றார்.

வீரபத்திரன் வாய்ப்பேச்சை நம்புகிறவர் இல்லை. ஊமை ஊதலைப் பார்த்து என்ன பாட்டென்று சொல்வதற்கு மதுரையிலிருந்து கோதண்டம் என்ற கிளாரினெட்டுக்காரரை வரவழைத்துவிட்டார், டீக்கடைக் கன்ன நிபுணர் இல்லை, விரலைப் பார்த்தே ஸ்வரம் சொல்கிற அசல் ஆள், முப்பது வருஷம் சீட்டு வந்த வரிசைப்படி வாசித்து நல்ல பெயர் எடுத்தவர். வியாழக்கிழமை பத்து மணி, மஹால் முழுக்க ஆட்கள் உட்கார்ந்து கல்யாணத்துக்கு ஜிகினாத் தோரணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், மேடைக்கு எதிரே ஒரு நாற்காலியில் கோதண்டம், பக்கத்தில் வீரபத்திரன், பின்னால் நான். என் மச்சான் மேடை ஏறி, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

கோதண்டம் முதல் வரிக்குத் தலையை ஆட்டினார், இரண்டாவது வரிக்கும் ஆட்டினார், அதே பாட்டுதான் முதலாளி, சுத்தமாகப் போகிறது என்றார், என் உயிர் திரும்பி வந்தது. பல்லவி முடிந்து அடுத்த அடி எடுக்கும்போது அவருடைய தலை அப்படியே நின்றுவிட்டது. மேடையில் விரல்கள் ஏதோ ஒரு வேலையாக வேறெங்கோ இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. கோதண்டத்தின் விரல்கள் அவரை அறியாமல் தொடைமேல் அதே மாதிரி அசைய ஆரம்பித்தன. நடுநடுவே என் மச்சான் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, யாரோ பேசி முடிக்கட்டும் என்பதுபோலக் காத்திருந்தார், பிறகு தொடர்ந்தார். ஒரு தடவை அப்படி நிறுத்தியவர் மேடையின் இடது பக்கம், ஆளில்லாத மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் நிறுத்துகிறார் என்று வீரபத்திரன் கேட்டதற்கு, பாட்டிலேயே அங்கே இடம் விட்டிருக்கிறது என்று கோதண்டம் சொன்னார்.

முடிந்ததும் வீரபத்திரன் அவரை நேராகப் பார்த்து, நம்ம பாட்டுதானே என்று கேட்டார்.

கோதண்டம் தன் விரல்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அதே பாட்டுதாங்க முதலாளி. ஒரு எழுத்து மாறல."

பஸ் ஸ்டாண்டுவரைக்கும் அவரைக் கொண்டுபோய் விட நான் போனேன். பாதி வழியில் நின்றுவிட்டார்.

"பொய் சொல்லிட்டேன் தம்பி. நெசத்தச் சொன்னா வேற ஆளக் கூப்பிட்டு அந்த நேரத்துல சத்தமா வாசிக்கச் சொல்லி இத அமுக்கிப்புடுவாங்க. ஞாயித்துக்கெழம இது கேக்கணும். நான் ஒரு தடவ இத காதால கேக்கணும்."

மதுரை பஸ் வந்தது, அவர் ஏறவில்லை. லாட்ஜில் ரூம் எடுத்து ஞாயிற்றுக்கிழமைவரை உட்கார்ந்துவிட்டார். நான் அந்த மூன்று நாளும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை, அந்த ஆள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை, எங்கள் ஏழு பேர் பிழைப்பைப் பணயம் வைத்து ஒரு கச்சேரி கேட்கப்போகிறாரே என்று பல்லைக் கடித்தேன்; உடனே, அப்படி என்னதான் அதிலே இருக்கிறது என்று எனக்கும் கேட்க ஆசை வந்தது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. வழக்கமாகக் கேட்கும் நாளில் என் மச்சான் வேறு எங்காவது அடுத்த கல்யாணத்துக்கு ஊதிக்கொண்டிருப்பார், அதனால் தன் வாசிப்பை அவர் ஒன்பது வருஷமாகக் கேட்டதே இல்லை. அந்த வாரம்தான் யாரும் தேதி கொடுக்கவில்லையே, அக்கா அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு விருந்தாளியாகக் கூட்டிவந்து முதல் பந்தியில் உட்காரவைத்திருந்தாள். நான் மேடைக்கு இடது பக்க மூலையில் குச்சியோடு நின்றேன். தாரணியும் மாப்பிள்ளையும் ஏறினார்கள். காற்றிலிருந்து அந்தப் பாட்டு வந்தது, கூட்டம் ஹோவென்று கைதட்டியது, நான் அடித்தேன், வீரபத்திரன் மீசையைத் தடவிக்கொண்டார். பல்லவி முடிந்தது. பாட்டு கழன்றுகொண்டது.

என் குச்சி நின்றுவிட்டது. வீரபத்திரன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார், செத்தேன் என்று நினைத்தேன். ஆனால் கிளாரினெட் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, பஸ்ஸில் தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, எழுப்பிவிடாமல் வீடுவரைக்கும் நடக்கிற ஒருத்தரைப்போல அது நடந்துகொண்டிருந்தது. தாரணி மேடையிலிருந்து கூட்டத்துக்குள் அப்பாவைத் தேடினாள். அவர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். அந்த இடத்தில் கிளாரினெட் நின்றது, முதல் இடைவெளி, ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் மஹாலில் ஊசி விழுந்தால் கேட்கும், அதற்குள் ஒரு சத்தம் கேட்டது. மண்டியில் முப்பது வருஷமாக யாருக்கும் இரங்காத வீரபத்திரன் பட்டுத் துண்டில் மூக்கைச் சிந்தினார்.

கிளாரினெட் அதைக் கேட்டுவிட்டுச் சரி என்பதுபோலத் தொடர்ந்தது. இரண்டாவது இடைவெளியில் அவர் அம்மாடி என்று ஒரு விசும்பல் விசும்பினார், அளவெடுத்துத் தைத்த சட்டைபோல அந்த விசும்பல் அந்த இடைவெளியில் உட்கார்ந்தது. தாரணி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள், மாப்பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவரும் அழுதார். மூன்றாவது தடவை கிளாரினெட் நின்றது. யாரும் அழவில்லை, யாரும் இருமவில்லை. அது காத்துக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை என் மச்சான் பார்த்துக்கொண்டு நின்ற ஆளில்லாத மூலை எதுவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்த மூலையில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரே ஒரு அடி அடித்தேன். கிளாரினெட் பதில் சொன்னது. இரண்டு அடி அடித்தேன், இரண்டுக்கும் சொன்னது. ஒன்பது வருஷத்துக்கப்புறம் நான் அதன் பின்னால் ஓடவில்லை, அது எனக்கு முன்னால் போகவும் இல்லை, மூன்று நாளைக்கு முந்தி ஊதியதும் அந்த நிமிஷம் அடித்ததும் ஒரே வண்டியில் பூட்டியதுபோல ஒன்றாகப் போயிற்று. தொப்பியை இறக்கிவிட எனக்குக் கை ஒழியவில்லை, எல்லாரும் பார்க்க அழுதுகொண்டே அடித்தேன். கடைசி வரிசையில் கோதண்டம் எழுந்து நின்றுகொண்டு இரண்டு கையையும் பிசைந்துகொண்டிருந்தார்.

முடிந்ததும் வீரபத்திரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகக் கோதண்டத்திடம் போனார். நானும் பின்னாலேயே போனேன், போகிறபோதே கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு போனேன், இனிமேல் அது தேவைப்படாது என்றுதான் நினைத்தேன்.

"வியாழக்கெழம நீரு விரலப் பாத்துச் சொன்ன பாட்டு இதுதானா?"

"இதேதாங்க முதலாளி."

வீரபத்திரன் மேடையில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நான் கேட்டது இதைத்தானே அருளப்பா, பின்னே வேறெதைக் கேட்டேன் என்றார். இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார், அவர் சொல்வதால் ஊரும் அப்படியே சொல்கிறது, அந்தச் சினிமாப் பாட்டு உண்மையில் எப்படிப் போகும் என்பதே நிலக்கோட்டையில் பாதிப் பேருக்கு மறந்துவிட்டது.

நான் கழுத்தில் டிரம்மோடு பந்திக்கு ஓடினேன், என் மச்சானை அடிப்பதா காலில் விழுவதா என்று முடிவு செய்யாமலே ஓடினேன். அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சாதத்தில் ரசத்தை ஊற்றிப் பிசைந்த கை அப்படியே நின்றிருந்தது, அப்பளம் நமுத்துப்போயிருந்தது, அக்கா அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், பக்கத்து இலைக்காரருக்குக் கேட்கக் கூடாது என்பதுபோலக் குனிந்து சொன்னார்.

"மாப்ளே, யாருடா அந்தக் கிளாரினெட்டுக்காரன்? ஒன் டிரம்மக் கேட்டுக் கேட்டுல்ல வாசிக்கிறான்."

நான் டிரம்மைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கும் ஒரு இலை போடச் சொன்னேன்.